கடைசி ஆளுக்குக் கேட்கிற கிடார்

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவராம். என்னுடைய பழைய இசைத்தட்டு ஒன்று எங்கோ அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடலாமா என்று கேட்டிருந்தார். மூன்று விஷயங்களை எடுத்துவிட்டால் போதுமாம். ஒன்று, கிடாரில் கேட்கும் கிழிந்த சத்தம். இரண்டு, காக்காய்கள். மூன்று, எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஒருவர் எங்கிருந்தோ கத்துகிறாரே, அது.

மரியாதையான கடிதம்தான். படித்ததும் எனக்கு வந்த கோபம்தான் அவ்வளவு மரியாதையாக இல்லை. பதில் எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதி, அதையும் கிழித்தேன். அவர் ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதாது, கிடாரைத் தூக்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் வருகிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தந்தி நல்லது, விரலை எங்கே வைப்பது என்பதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அந்தத் தப்பைக் காட்டி என் வாசிப்பையே பிடுங்கப் பார்த்தார்கள். நான் கொடுக்கவில்லை. அந்தக் கதை.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆள் நான். வீட்டில் வெங்காயமும் தக்காளியும் போட்டிருந்தார்கள். நான் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். பதப்படுத்திய தோலைக் கையால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரித்து அடுக்க வேண்டும். கிடார் எனக்குக் கொடைக்கானலில் இருந்து வந்தது. அங்கே படித்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஊருக்குக் கப்பலேறும்போது, நான் தைத்துக் கொடுத்த தோல் பெட்டிக்குப் பதிலாகத் தன் எலெக்ட்ரிக் கிடாரைக் கொடுத்துவிட்டுப் போனான். சிவப்பு நிறம். ஆம்ப்ளிஃபையர் தரவில்லை. அது இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் கிடார் வெறும் கட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடக் கேட்காது.

அப்படித்தான் பாயிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவருக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் சொன்னதில்லை. 'மைக் செட் பாய்' என்றால் வத்தலக்குண்டு வரை தெரியும். கல்யாணம், காதுகுத்து, தேர்தல், திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய மைக் செட்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஸ்வரம் தப்பினாலும் கண்டுகொள்ள மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு தூரம். பித்தளை நிறத்தில் பெரிய பூவாட்டம் வாய் விரிந்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று வைத்திருந்தார். போன இடத்தில் இருப்பதிலேயே உயரமான மரத்தில் தானே ஏறி அதைக் கட்டுவார். கட்டிவிட்டு இறங்க மாட்டார். கீழே யாராவது மைக்கில் பேச வேண்டும். பாய் மரத்தில் இருந்தபடியே கூட்டத்தின் கடைசியைப் பார்த்து, "கேக்குதா?" என்று கத்துவார். அங்கே நிற்கிற கடைசி ஆள் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் இறங்குவார். இல்லையென்றால் கீழே இருப்பவனை விட்டுச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் திருகச் சொல்வார்.

"முன்னால உக்காந்திருக்கிறவனுக்கு நீ வாசிக்கவே வேணாம் அப்பு. அவனுக்குத்தான் உன் மூஞ்சியே தெரியுதே. கடைசியில நிக்கிறான் பாரு, கூட்டத்துக்கு வெளிய, மாட்டப் பிடிச்சுக்கிட்டு... அவனுக்குக் கேக்கணும்" என்பார்.

வடமதுரையில் ஒரு திருவிழாவில்தான் முதல்முறையாக என் கிடாரை அவருடைய ஆம்ப்ளிஃபையரில் செருகினோம். கூட்டம் தேரடியைத் தாண்டிப் போயிருந்தது. கடைசி ஆள் கையைத் தூக்குகிற வரை பாய் திருகச் சொன்னார். திருகின திருகில் கிடாரின் குரல் கிழிந்துவிட்டது. கோடித் துணியை நடுவில் பிடித்துக் கிழிப்பீர்களே, அந்தச் சத்தம். எனக்கு அவமானமாகப் போயிற்று. நிறுத்தலாம் என்று பார்த்தால், கடைசியில் நின்றவர்கள் எல்லாம் முன்னால் நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது பாட்டில் அந்தக் கிழிசலை எங்கே கொண்டுவருவது, எங்கே அடக்குவது என்று விரல் கற்றுக்கொண்டுவிட்டது. மூன்றாவது பாட்டில் அது என் குரலாகிவிட்டது. வெளிநாட்டில் யாரோ அதே காலத்தில் அதே மாதிரி வாசித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். வாசித்திருக்கட்டும். எங்களுக்கு அது பாயின் குழாயில் இருந்து வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர். நான், பாய், தேவாலய பேண்டில் பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்த சூசை. நானாகக் கட்டிய மெட்டுகள் எட்டு இருந்தன. 'சிறுமலை மழை', 'ஆயக்குடிக் கொய்யா', 'பம்பு செட்' என்று பெயர் வைத்திருந்தேன். வார்த்தை ஒன்றும் கிடையாது. ஆயக்குடியில் ஒரு கல்யாணத்தில் வாசித்தபோது அதைக் கேட்ட ஒருவர் சென்னையில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட, அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. தென்மாவட்டங்களில் நாதஸ்வரக்காரர்களைப் பதிவு செய்ய அவர்களுடைய வண்டி வருகிறதாம். திண்டுக்கல்லில் மூன்று நாள் தங்கி என் கிடாரையும் பதிவு செய்து பெரிய தட்டாகப் போடுவார்களாம். 'உங்கள் கிடார் இசை' என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை நான் வைத்திருந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையணைக்குள்.

பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டும் என்றார்கள். நான் வேலை பார்த்த தோல் ஷாப்பின் முதலாளி, தரம் பிரிக்கும் அறையை மூன்று நாளைக்கு விட்டுக்கொடுத்தார். நான்கு சுவரிலும் ஆள் உயரத்துக்குத் தோல் அடுக்கியிருக்கும். கை தட்டினால் எதிரொலி கிடையாது. வண்டியில் வந்த ஒலிப்பதிவு இஞ்சினியர் உள்ளே நுழைந்து ஒருமுறை கை தட்டிப் பார்த்தார். "மெட்ராஸ்ல இருக்கிற ஸ்டூடியோகூட இவ்வளவு சுத்தம் கிடையாது" என்றார். கூட வந்த மேனேஜர் தோல் நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டையை வைத்தவர், மூன்று நாளில் ஒரே ஒரு தடவைதான் எடுத்தார்.

முதல் நாள் புதன்கிழமை. இங்கேதான் என் தப்பு வருகிறது.

இஞ்சினியர் அவரிடம் இருந்ததிலேயே உசத்தியான மைக்கை எடுத்து வைத்தார். வெளிநாட்டுச் சரக்கு. அதைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் குழாயை இரண்டு முக்காலியின் மேல் வைத்தோம். பாய் வழக்கம்போல ஆம்ப்ளிஃபையரைத் திருகினார். அவர் அந்தத் திருகில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருப்பார். அதுதான் திருவிழா அளவு. அதற்குக் குறைவாக வைத்து அவருக்குப் பழக்கமே இல்லை. எனக்கும் இல்லை. குழாய்க்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எப்போதும் குழாய் மரத்தின் மேல்தானே இருக்கும்?

"வாசிக்கலாமா?" என்றேன். இஞ்சினியர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டினார்.

ஆறு தந்தியையும் சேர்த்து ஒரே இழுப்பு. அவ்வளவுதான். அவர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். மைக் செத்துவிட்டது. அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஜிகினாத் தாளைவிட மெல்லிசாக ஒரு பட்டை, இரண்டாகக் கிழிந்து தொங்கியது. அதன் மேல் மூச்சு பலமாக விட்டால்கூட ஆகாதாம். நாங்கள் அதன் முகத்துக்கு நேராக வடமதுரைத் திருவிழாவையே நடத்தியிருக்கிறோம்.

ஒரு முழத்தில் இருந்த மைக்குக்கு, ஊர்க்கோடியில் நிற்பவனுக்கு வாசிக்கிற மாதிரி வாசித்தேன். யாரையும் கேட்கவில்லை. 'இது எம்புட்டுச் சத்தம் தாங்கும்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இதை எந்த நொண்டிச் சாக்கும் இல்லாமல் ஒத்துக்கொள்கிறேன். தெரியாத பொருளுக்கு முன்னால் உட்காரும்போது அதைத் தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள். கேட்பதால் யாருக்கும் பல் விழுந்துவிடாது.

மேனேஜர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. என் தோளில் கை போட்டார்.

"பரவாயில்ல தம்பி. நடந்தது நடந்துபோச்சு. கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நாளைக்கு மட்டும் நான் சொல்ற மாதிரி செஞ்சுடு."

அவர் சொன்னது இதுதான். பாயின் குழாய் வெளியே போக வேண்டும். கம்பெனியின் சின்ன ஸ்பீக்கரில் கிடார் 'சாந்தமாக' வாசிக்க வேண்டும். வார்த்தை இல்லாத தட்டை யார் வாங்குவார்கள்? அதனால் மதுரையில் இருந்து நாடகங்களில் பாடும் ஓர் அம்மாள் வருவார். என் மெட்டுகளுக்கு மேனேஜரே பாட்டு எழுதியிருந்தார். அந்த அம்மாள் பாடுவார், பின்னால் நான் வாசிக்க வேண்டும். 'பம்பு செட்' மெட்டுக்கு நிலா, தாமரை, தூது போகும் தென்றல் என்று ஏதோ எழுதிக் கையில் வைத்திருந்தார். பம்பு செட்டில் எங்கிருந்து தாமரை வந்தது என்று கேட்கிற வாய் எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கு இல்லை. என் கண் முழுக்க அந்தக் கிழிந்த பட்டைதான். தலையாட்டிவிட்டேன்.

என் தொழில் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடம் மைக்கை உடைத்தது அல்ல. அந்தத் தலையாட்டல்தான்.

வியாழக்கிழமை முழுக்க அப்படியே நடந்தது. நாடகக்கார அம்மாள் நல்ல பாட்டுக்காரர். எட்டு மெட்டில் ஐந்தைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். நான் பூனை நடப்பதுபோல வாசித்தேன். சூசை துணியைப் போட்டு மூடி டிரம் அடித்தான். பாய் முற்றத்துப் புளியமரத்தடியில், மடியில் குழாயை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஊருக்குள் போகச் சொன்னோம், போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தோல் ஷாப்புக்கு விடுமுறை. காலையில் இஞ்சினியர் எல்லோரையும் உட்கார வைத்து முந்தின நாள் பதிவைப் போட்டுக் காட்டினார். மேனேஜர் விரலால் தாளம் போட்டார். ஐந்து பாட்டும் ஓடி முடிந்தன.

பாய்தான் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்கப்பு இருக்க?"

நான் மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். எங்கும் இல்லை. தோல் தரம் பிரிக்கிறவனுக்கு ஒன்று தெரியும். மாடு உயிரோடு இருக்கும்போது முள்ளில் கீறின தழும்பு தோலில் இருக்கும். அதைத் தேய்த்து மழுக்கி, மேலே சாயம் பூசிவிட்டால் பார்க்க முதல் தரமாகத் தெரியும். ஆனால் தோல் அந்த இடத்தில் செத்துப்போயிருக்கும். இழுத்தால் அங்கேதான் விடும். நான் எத்தனையோ தோலை அப்படிப் பார்த்துக் கழித்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு என் கையில் இருந்தது அந்த மாதிரித் தோல்.

நாடகக்கார அம்மாள் வெற்றிலையை மடித்தபடி மேனேஜரைப் பார்த்தார். "ஐயா, தப்பா நெனைக்காதீக. இந்த மெட்டெல்லாம் வாயால பாடுறதுக்குக் கட்டினது இல்ல. நான் பாடப் பாட அந்தப் பிள்ள கிடார ஒளிச்சு ஒளிச்சு வாசிக்குது. எனக்கே பாவமா இருக்கு. பாக்கி மூணும் நான் பாடல" என்றார்.

அதற்கு மேல் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், நேத்து எடுத்ததை அழிச்சிருங்க."

"என்னது?"

"அழிச்சிருங்க. அது நான் வாசிச்சது இல்ல."

மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் இருந்து எடுத்தார். மூன்று நாளில் அந்த ஒரு தடவைதான். "தம்பி, புதன்கிழமை நீ என்ன பண்ணினேன்னு ஞாபகம் இருக்கா? அந்த மைக்குக்கு இன்னும் நான் கம்பெனிக்குப் பதில் எழுதல."

"இருக்கு சார். மைக்க ஒடச்சது நாந்தான். அதுக்கு என்னையக் கேளுங்க. என்ன செய்யச் சொன்னாலும் செய்றேன். அதுக்குப் பதிலா என் வாசிப்பக் கேக்காதீங்க. அதத் தர மாட்டேன்."

"அப்ப தட்டே வராது."

"வர வேணாம்."

இந்த இடத்தில் என் குரல் கம்பீரமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தலையணைக்குள் வைத்த கடிதம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. திண்டுக்கல் தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவனுக்கு இரண்டாவது கடிதம் எந்தக் கம்பெனி எழுதும்? ஆனால் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் இறங்கிவிட்டது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பயணியர் விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்துட்டு நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள புத்தி வந்தா பாக்கி மூணையும் முடிப்போம். இல்லன்னா சாமான ஏத்திடுவோம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த அம்மாளும் மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது என் கையில் ஒரு வெற்றிலையை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். அறையில் நானும் சூசையும் இஞ்சினியரும்தான். அவர் மூன்று நாளாக அதிகம் பேசாதவர். மைக்கை இழந்ததும் அவர்தான். என் மேல் கோபப்பட எல்லா நியாயமும் உள்ளவர். பட்டை கிழிந்த மைக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"அந்தக் குழாயை மரத்துல கட்டினா, ஜனங்க எவ்வளவு தூரத்துல நின்னு கேப்பாங்க?"

"நூறு அடி இருக்கும் சார். கடைசி ஆளு இன்னும் தள்ளி."

"அப்ப என் மைக்கும் அங்கதான நிக்கணும்? அதைக் கொண்டுபோய்க் குழாயோட வாயில வெச்சது என் தப்பும்தான். உங்ககிட்ட நானும் கேக்கல." எழுந்து முற்றத்துப் பக்கத்துக் கதவைத் திறந்தார். மதிய வெயிலில் புளியமரம் நின்றது. "சாதா மைக் ஒண்ணு பாக்கி இருக்கு. நாலு மணி வரைக்கும் டேப்பும் இருக்கு."

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் திறமைசாலிகளை நிறையப் பார்த்துவிட்டேன். தன் பொருளை உடைத்தவனிடம் 'என் தப்பும்தான்' என்று சொன்ன ஆளை ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

தொழுகை முடிந்து பாய் தலைத் தொப்பியைக் கழற்றி மடித்தபடி உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். கைலியைத் தார்பாய்ச்சிக் கட்டினார், குழாயின் கயிற்றைத் தோளில் போட்டார், ஏறிவிட்டார். நாங்கள் அறைக்குள் வாசித்தோம். குழாயின் கம்பி முற்றத்தைத் தாண்டி மரத்துக்குப் போனது. மைக் கதவு நிலையில், மரத்தைப் பார்த்து நின்றது. பாய் மேலே இருந்து, "ஏலே சூசை, கோட்டுக்கு வையிடா!" என்றார். கோடு என்றால் அந்த ஆணிக் கோடு. திருவிழா அளவு.

முதல் இழுப்பில் மரத்தில் இருந்த காக்காய் மொத்தமும் கிளம்பியது. நான் நிறுத்திவிட்டேன். இஞ்சினியர் வேகமாகக் கையை ஆட்டினார்: நிறுத்தாதே. அவை கத்திவிட்டுப் போகட்டும் என்பது மாதிரி. போகவில்லை. தட்டு முழுக்க இருந்தன. 'சிறுமலை மழை'யில் ஒரு காக்காய் சரியாகத் தாளத்தில் கத்தும், கேட்டுப் பாருங்கள். அதைத்தான் உங்களில் ஒருவர் எடுக்க வேண்டும் என்கிறார்.

ஒரு மெட்டுக்கு ஒரே தடவைதான். தப்பினால் தப்பினதுதான். இரண்டாம் தடவைக்கு டேப் கிடையாது. நேரமும் கிடையாது. 'ஆயக்குடிக் கொய்யா'வில் ஓர் இடத்தில் என் விரல் வழுக்கும். அதைச் சமாளித்து எழுந்த இடம்தான் அந்த மெட்டிலேயே நல்ல இடம் என்று பின்னால் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை.

ஆறாவது மெட்டில் வெளியே ஏதோ சலசலப்பு. தலை நிமிர்ந்து பார்த்தேன். தோல் ஷாப்பின் மதில் மேல் தலைகள். தொழுகை முடிந்து வந்தவர்கள், விடுமுறை என்று வீட்டில் இருந்த தோல் ஷாப் ஆட்கள், சந்தை முடிந்து கூடையோடு திரும்பிய பெண்கள், ஜட்கா வண்டிக்காரர்கள். கேட்டுக்கு வெளியே ரோடு அடைத்து நின்றார்கள். பாயின் குழாய் சத்தம் கேட்டால் ஏதோ விசேஷம் என்று வருவது எங்கள் ஊர்ப் பழக்கம். என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. நின்றுவிட்டார்கள்.

எட்டாவது 'பம்பு செட்'. அது பாதியில் இருக்கும்போது கார் ஹாரன் கேட்டது. மேனேஜர். கார் கேட்டுக்குள் நுழைய முடியவில்லை. இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையோடு நடந்தே வந்து கதவருகில் நின்றார். மரத்தில் குழாயையும் பாயையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம்.

அந்தக் கை எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. முன் வரிசை ஆள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்திருந்தால் நிச்சயம் நிறுத்தியிருப்பேன். நான் முகத்தைத் திருப்பி மதிலைப் பார்த்தேன். மதிலுக்கும் அப்பால், ரோட்டின் அந்தப் பக்கம், ஓர் ஆள் இரண்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு வாசித்தேன். என்னிடம் இருந்த எல்லாவற்றையும் அவனுக்கு வாசித்தேன். சூசை டிரம்மை அடித்த அடியில் அடுக்கியிருந்த தோலில் இருந்து தூசி கிளம்பியது. மேனேஜரின் கை எவ்வளவு நேரம் அப்படியே நின்றது என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது கீழே இறங்கியிருந்தது.

வாசித்து முடித்துத் தந்தியை உள்ளங்கையால் அமுக்கினேன். இஞ்சினியர் டேப்பை நிறுத்தவில்லை. யாரும் அசையவில்லை. பாய்க்குக் கீழே நடந்தது எதுவும் தெரியாது. அவரை யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. அவர் தன் வழக்கப்படி ரோட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்:

"கேக்குதா?"

மதில் மேல் அத்தனை கைகளும் எழுந்தன. ரோட்டின் அந்தப் பக்கம், மாட்டுக்காரனும் கயிற்றை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினான். அதன் பிறகுதான் பாய் இறங்கினார்.

மேனேஜர் டேப்பை முழுக்கப் போட்டுக் கேட்டார். "எனக்குப் பிடிக்கல. வெளிப்படையா சொல்றேன், சுத்தமா பிடிக்கல" என்றார். செத்த நேரம் கழித்து, "ஆனா நான் வந்த கார் உள்ள நுழைய முடியல" என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம். தட்டு வந்தது. உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தார்கள்: 'இதில் கேட்கும் கிழிந்த ஒலி இசைத்தட்டின் கோளாறு அல்ல.' அதைப் படித்துவிட்டு நானும் சூசையும் பஸ் ஸ்டாண்டில் நின்று சிரித்த சிரிப்பில் கண்டக்டர் நாங்கள் குடித்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. "ஆமா, கோளாறு இல்லதான? இதுல என்ன சிரிப்பு?" என்றார்.

மைக்கை நான் மறக்கவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் அந்தக் கம்பெனி கூப்பிட்ட போதெல்லாம் சென்னைக்குப் போய், யார் யார் பாட்டுக்கோ பின்னால் உட்கார்ந்து, சாந்தமாக, சுத்தமாக, கூலி கேட்காமல் வாசித்துக் கொடுத்தேன். அது மைக்குக்காக. உடைத்தவன் நான், நான்தான் ஈடு செய்ய வேண்டும். செய்தேன். நாளைக்கு நீங்களும் எதையாவது உடைப்பீர்கள். உடைக்காமல் யாரும் இந்தத் தொழிலில் நிமிர்ந்ததில்லை. உடைத்ததை ஒத்துக்கொள்ளுங்கள், உழைத்துச் சரி செய்யுங்கள். ஆனால் அதைக் காட்டி ஒருவர் தோளில் கை போட்டு, உங்கள் வாசிப்பைக் கேட்டால், தராதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. அதை ஒன்றாகக் கலக்கிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் கலக்க விடாதீர்கள்.

இனி கடிதம் எழுதிய நண்பருக்கு என் பதில். கிழிந்த சத்தத்தை எடுக்கக் கூடாது. காக்காயை எடுக்கக் கூடாது. கடைசியில் கத்துகிறாரே, அந்தக் குரலில் கை வைக்கவே கூடாது. எட்டு மெட்டிலும் வார்த்தை கிடையாது. அந்தத் தட்டு முழுக்கத் தேடினாலும் மனிதர் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். வார்த்தை இல்லாத தட்டை யார் வாங்குவார்கள் என்று மேனேஜர் கேட்டாரே, அவருக்கு வேண்டியிருந்த குரல் அதுதான்.

பாய் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அந்தத் தட்டில் அவர் இன்னும் புளியமரத்தின் மேல்தான் இருக்கிறார். ரோட்டின் அந்தப் பக்கத்தையும் தாண்டி, இத்தனை வருஷத்துக்கு அப்பால், காதில் ஹெட்போனோடு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்போதைக்குக் கடைசி ஆள் நீங்கள்தான். அவர் உங்களைத்தான் கேட்கிறார். அழிக்கிற பொத்தானின் மேல் இருக்கிற அந்தக் கையை எடுத்து, ஒருமுறை மேலே தூக்கிக் காட்டுங்கள். அவர் இறங்க வேண்டும்.